அப்பளம் பொரிந்த இடம்

இல்லை, அழியவில்லை. இரண்டுமே இருக்கின்றன.

மைக்ரோவேவ் ஓவனின் கண்ணாடித் தட்டைக் கழுவ எடுத்தேன். மேலே ஏதோ பழுப்பாகக் கருகி ஒட்டியிருந்தது. திருப்பினால் அடியில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டுகள். விளிம்பில் ஒன்று. உள்ளே தள்ளி ஒன்று. உளுந்து அளவு.

மூன்று வருடமாக எத்தனையோ பேர் இந்தத் தட்டைத் துடைத்திருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் எதையும் அசிட்டோனில்தான் துடைப்போம். நகப்பூச்சுக்கு அதுதான் எமன். ஆனால் எல்லோரும் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு வைத்திருக்கிறார்கள். அடியை யாரும் தொடவில்லை. நீ இதை யோசித்துத்தான் அடியில் வைத்தாயா? அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நகப்பூச்சு என்னுடையது. உன் விரல்களில் எப்போதும் மருதாணிதான். ஒருநாள் கேட்காமல் என் பையைத் திறந்து, "குடுடி, ஆராய்ச்சிக்கு" என்று எடுத்துக்கொண்டாய். திருப்பித் தரவே இல்லை.

தட்டை எதற்கு எடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

புதன்கிழமை தமிழரசி வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, கீழ்பென்னாத்தூர், நான் ஏறும் அதே பஸ். நாம் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்து செய்த ரியாக்‌ஷனைத்தான் அவளுடைய புராஜெக்டுக்கு முதல் படியாகக் கொடுத்திருக்கிறார் நம் கைடு சார். நம் நீல அட்டை ரிப்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஆறு முறை செய்துவிட்டாள். ஆறு முறையும் விளைபொருள் நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை. நிமிடத்தைக் கூட்டினால் கருகிவிடுகிறது.

நமக்கு எண்பத்தொன்று வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் அச்சில் இருக்கிறது.

"சார் திட்டறாருக்கா. கை சுத்தமில்லன்றாரு. எடை ஒழுங்கா போடலன்றாரு. திங்கக்கிழமை ரிவ்யூ. அதுக்குள்ள வரலன்னா டாபிக்க மாத்திடுவேன்னு சொல்லிட்டாரு. மாத்துனா இந்த செமஸ்டர் போச்சு."

நான் ஓவன் கதவைத் திறந்து, கருகிய தட்டை வெளியே எடுத்தேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க எண்பத்தொண்ணையே போட்டுக்கட்டுமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். கழுவுவதற்காக. அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவும். அங்கேதான் திருப்பினேன்.

*

முதலில் எண்ணெய்த் தொட்டியில் வைத்துத்தானே ஆரம்பித்தோம். ரிசார்சினால், வெள்ளைப் படிகம். கூடவே பழவாசனை அடிக்கும் ஒரு திரவம். அதன் பெயரை முழுதாகச் சொல்வதற்குள் உனக்கு மூச்சு வாங்கும். நடுவில் அமிலம் ஏற்றிய களிமண் கொஞ்சம். ஐந்து மணி நேரம் சூடு.

ஐந்து மணி நேரம் என்பது புத்தகத்தில் அரை வரி. இந்த ஊரில் அப்படி இல்லை. வகுப்பு முடிந்து ஆய்வகம் கைக்கு வரப் பதினொன்று ஆகும். நாலு மணிக்குப் பூட்டு. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு மேல் சாலையை அடைத்துவிடுவார்கள், என் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஒரு மணிக்கே சூட்டை நிறுத்திவிட்டு நான் ஓட வேண்டும். மூன்று தடவை பாதியில் நிறுத்தினோம். மூன்று தடவையும் குடுவையில் பழுப்புக் கஞ்சி.

"அஞ்சு மணி நேரத்துல மலையவே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்டி" என்றாய். "வழியில ரெண்டு எடத்துல சுக்குக் காப்பி வேற குடிச்சிட்டு."

அடுத்த வாரம் ஆட்டோவில் ஓவனோடு வந்து இறங்கினாய். தேரடித் தெருவில் உன் அத்தாவின் மிக்ஸி ரிப்பேர்க் கடையில் இரண்டு வருடமாகக் கிடந்தது. ஆசிரமத்துப் பக்கம் கேக் கடை வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே ஊருக்குப் போய்விட்டாள். கதவில் இன்னும் அவள் ஒட்டிய பூப்படம் இருந்தது. உன் அத்தா ஒரே நிபந்தனை போட்டாராம். நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "மருந்து வெச்சப்புறம் அதுல சோறு சூடு பண்ணி துன்னாதீங்க."

மூடிய பாத்திரம் வைக்கக் கூடாது, தீப்பற்றும் கரைப்பான் எதுவும் உள்ளே போகக் கூடாது, காற்றை வெளியே இழுக்கும் பெட்டிக்குள்தான் ஓவன் இருக்க வேண்டும். சார் இவ்வளவும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கரைப்பானே வேண்டாம் என்பதுதான் விஷயம். இரண்டு பொருளையும் களிமண்ணோடு சேர்த்துக் குழைத்து, சின்ன பீக்கரில் வைத்து, பட்டனைத் தட்டினோம். மூன்று நிமிடம். உள்ளே மஞ்சள் விளக்கு. ஒரு முனகல். வெளியே நீ, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நிற்பவள் மாதிரி.

எடுத்தோம். பழவாசனை போயிருந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டை எடுத்துப் போய் இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தோம்.

அந்த நீலம்.

அதற்குமுன் எனக்கு நீலம் என்றால் ஒரு நிறம். அன்று பார்த்தது வெளிச்சம். கண்ணால் பார்க்க முடியாத ஒன்று மேலேயிருந்து விழ, இந்தச் சொட்டு அதை வாங்கி, நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரிசார்சினால் இப்படிச் செய்யாது. பழவாசனைத் திரவமும் செய்யாது. இரண்டும் சேர்ந்த பிறகு மட்டும். பெட்டியின் துவாரத்தில் நம் இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. நீ கண்ணை எடுக்கவே இல்லை.

பிறகு, "ஏய், மூணு நிமிஷம்டி" என்றாய். கிசுகிசுப்பாக. சத்தமாகச் சொன்னால் அணைந்துவிடும் என்பது போல.

*

மறுநாள் அதே அளவு, அதே நேரம். பாதிகூட வரவில்லை.

அதற்கடுத்த நாள் எழுபது. பிறகு இருபது. பிறகு முப்பத்தைந்து. இரண்டு வாரம் இப்படி. நான் நல்ல எண்ணை வைத்துக்கொண்டு மேலே போகலாம் என்றேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். புதன்கிழமை தமிழரசி சொன்னதையேதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது.

"பாதி நாள் வராததுக்கு காரணம் தெரியலன்னா, வந்த நாளும் நம்ம புண்ணியம் இல்லடி" என்றாய்.

அடுத்த பௌர்ணமி. சார் ஊருக்குப் போய்விட்டார். கல்லூரியே காலி. நீ துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாய். சின்ன அப்பளம், இரண்டு பாக்கெட்.

"இன்னாடி இது?"

"இரு."

தட்டுக்கு அடியில் இருந்த சுழல் வளையத்தையும், நடுவில் தட்டைத் திருப்பும் குமிழையும் கழற்றினாய். இனித் தட்டு அசையாது. அதன்மேல் அப்பளங்களை இடைவெளி விடாமல் பரப்பினாய். கதவைச் சாத்தி, நாற்பது நொடி.

திறந்ததும் இருவரும் குனிந்தோம். சில இடங்களில் மட்டும் அப்பளம் வெள்ளையாகப் பொரிந்து எழுந்திருந்தது. பக்கத்திலேயே பச்சை அப்பளம், மஞ்சளாக, தொட்டால் சில்லென்று. ஒரே அப்பளத்தில் ஒரு பாதி பொரிந்தும் மறு பாதி பொரியாமலும். திட்டுத் திட்டாக. திட்டுகளுக்கு நடுவே ஒரே அளவு தூரம். யாரோ புள்ளி வைத்துவிட்டு இழை போட மறந்துபோன மாதிரி.

ஓவனுக்குள் அலைகள் சுவரில் மோதித் திரும்புகின்றன. போவதும் வருவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து ஓங்குகின்றன, அங்கே கொதிக்கிறது. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அங்கே ஒன்றுமே இல்லை. பரீட்சைக்காக இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நிற்கும் அலை என்று பெயர். அது நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இவ்வளவு நேரமும் இந்தப் பெட்டிக்குள் இதே இடங்களில் நின்றிருக்கிறது. நாம்தான் தெரியாமல், சுற்றும் தட்டில் பீக்கரை ஒரு நாள் நடுவிலும் ஒரு நாள் ஓரத்திலும் வைத்து, அதைத் தொட்டும் தொடாமலும் விட்டிருக்கிறோம்.

நீ அதோடு விடவில்லை. ஸ்கேலை எடுத்தாய். பொரிந்த திட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர். அது பாதி அலை. முழு அலை பன்னிரண்டு. ஓவனைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாய்: 2450 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி அலைகள்.

"பெருக்குடி."

பெருக்கினேன். நொடிக்கு இருபத்தொன்பது கோடியே நாற்பது லட்சம் மீட்டர்.

எண்ணைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கக்கூட இல்லை. ஒளியின் வேகம். கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். ஸ்கேல் பிடித்த கை அப்படி. சூரியனிலிருந்து கிளம்பி வருவது எந்த வேகமோ அது, மளிகைக் கடை அப்பளத்தில்.

வெளியே தூரத்தில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். என் பஸ் போயிருக்கும் என்று தெரியும். அதைப் பற்றி நினைக்க முடியவில்லை. இரண்டு பேரும் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் நீதான், "பொரிச்ச அப்பளத்த குப்பையில போடறது பாவம்டி. ஆனா அத்தா துன்னக்கூடாதுன்னுட்டாரே" என்று ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டாய்.

அப்புறம்தான் நகப்பூச்சு. நன்றாகப் பொரிந்த இடத்துக்குக் கீழே ஒரு பொட்டு. விளிம்பில் ஒன்று. "விளிம்புப் பொட்டு கதவப் பாத்து இருக்கணும். உள்பொட்டு மேல பீக்கரு. தட்டு சுத்தக் கூடாது." இதற்குப் பிறகு ஐந்து முறை செய்தோம். ஐந்து முறையும் எண்பதை ஒட்டியே வந்தது.

*

இனி நான் எழுத வேண்டியது.

ரிப்போர்ட்டில் நீ இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாய். தட்டின் படம், பொரிந்த இடங்கள், ஆறு சென்டிமீட்டர், எல்லாம். டைப் அடிக்கக் கொடுக்கப் போனவள் நான். கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அப்பளம் என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சத்தமாக வாசித்துச் சிரிப்பதாக ஒரு காட்சி எனக்குள் ஓடியது. ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் அது அப்பளம்தான். அந்தத் தாளை மட்டும் உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தட்டை நிறுத்தினோம் என்ற ஒரு வரியையாவது வைத்திருக்கலாம். அது இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அதையும் எடுத்தேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. சார் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

அட்டை போட்டு வந்த பிறகு நீ புரட்டினாய். ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

"எங்கடி?"

"பக்கம் ஜாஸ்தி ஆயிடுச்சுடி."

நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். ரிப்போர்ட்டை மூடி மேஜையில் வைத்தாய். "அடுத்து பண்றவ பாவம்டி" என்றாய். அவ்வளவுதான். பிறகு கேன்டீனுக்குக் கூப்பிட்டாய். போண்டா வாங்கிக் கொடுத்தாய்.

அதற்கு நான்காவது மாதம், மழைக்காலம், உனக்குக் காய்ச்சல். முதல் நாள் எனக்குச் செய்தி அனுப்பினாய்: "ஓவனுக்குள்ள வெச்ச மாதிரி இருக்குடி. அங்கங்க மட்டும் கொதிக்குது." சிரிக்கும் முகம் ஒன்றும் சேர்த்திருந்தாய். நானும் சிரிக்கும் முகம் அனுப்பினேன். வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை.

அதற்குப் பிறகு தேரடித் தெரு வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒருநாள் தவிர்க்க முடியவில்லை. உன் அத்தா ஒரு மிக்ஸியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, "அந்த ஓவன் ஓடுதாம்மா?" என்றார். ஓடுது என்றேன். "ஓடட்டும்" என்று குனிந்துகொண்டார்.

நான் அதே துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார். யாராவது நம் எண்பத்தொன்றைப் புகழ்ந்தால் உன்னைப் பற்றிப் பேசுவேன். அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை.

*

வியாழக்கிழமை காலை தமிழரசியை முதல் பஸ்ஸில் வரச் சொன்னேன். வழியில் மளிகையில் நின்று சின்ன அப்பளம் வாங்கினேன்.

தட்டைத் தூக்கிக் காட்டினேன். "இந்தப் பொட்டு இன்னான்னு நெனச்ச?"

"ஹாஸ்டல் தட்டுல பேரு வெப்பாங்களே, அந்த மாதிரி யாரோ அடையாளத்துக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேங்கா."

வளையத்தையும் குமிழையும் கழற்றினேன். பொட்டு இருக்கும் இடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்; ஒரு நிமிட வேலை. அப்பளத்தைப் பரப்பச் சொன்னேன். உள்ளபடி சொன்னால், எனக்கு ஒரு பயம் இருந்தது. மூன்று வருடப் பழைய ஓவன். அலை இன்னும் அங்கேயே நிற்குமா?

நாற்பது நொடி.

உள்பொட்டின் மேல் அப்பளம் வெள்ளையாக எழுந்து நின்றது. நீ வைத்த இடத்தில். விரல் அகலம்கூட நகரவில்லை.

நீ இல்லாமல் போன பிறகும், இந்த ஆய்வகத்தில், யாரும் பொருட்படுத்தாத ஒரு பெட்டியில், பட்டனை அழுத்திய ஒவ்வொரு முறையும் அலை வந்து இங்கேயே நின்றிருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தமிழரசி அதைக் கவனிக்கவில்லை. அவள் ஓவனுக்குள் தலையை விட்டிருந்தாள். "அக்கா, இங்க பொரிஞ்சிருக்கு, அங்க பொரியலக்கா, ஏங்கா?" ஸ்கேலை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

பிறகு பீக்கர், உள்பொட்டின் மேல். மூன்று நிமிடம். எழுபத்தொன்பது வந்தது. மறுபடி செய்தாள், எண்பது. இருட்டுப் பெட்டியில் ஒரு சொட்டை வைத்துவிட்டு, "யம்மா" என்றாள். அப்புறம் அவளும் கண்ணை எடுக்கவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தில் விழுந்த நீலத்தைப் பார்த்தேன். போதும்.

பீக்கரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, இத ரிப்போர்ட்ல எப்படி எழுதறது? உங்க ரிப்போர்ட்ல தட்ட நிறுத்தணும்னே இல்லையே. சார் கேட்டா இன்னான்னு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றேன்.

*

இன்று காலை சார் அறைக்குப் போனேன். நீல அட்டை ரிப்போர்ட். உருவிய அந்தத் தாள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் உன் கையெழுத்து தெளிவாகவே இருந்தது. ஒரு பொரிந்த அப்பளம், காகிதத்தில் சுற்றி.

முழுவதும் சொன்னேன். அவர் உன் தாளை முதலிலிருந்து படித்தார். ஆறு சென்டிமீட்டர் கணக்கு வந்த இடத்தில் பேனாவை எடுத்துத் தானே ஒருமுறை பெருக்கினார். சிரிக்கவில்லை. நான் பயந்த சிரிப்பு எங்குமே வரவில்லை.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"அவ எழுதியிருந்தா சார். நான்தான் எடுத்துட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உன் எண்ண நம்பி அந்தப் பொண்ண ஒரு மாசமா திட்டிக்கிட்டு இருந்தேனேம்மா" என்றார்.

நின்றேன்.

திருத்தத்தை என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகப் பிரதியில் ஒட்டச் சொன்னார். அங்கேயே எழுதினேன். தட்டை நிறுத்த வேண்டும். பீக்கர் இருக்க வேண்டிய இடம் இது. இதைக் கண்டுபிடித்தவர் இவர் என்று உன் பெயர். நீக்கியவர் என்று என் பெயர். அப்பளம் என்று எழுத வேண்டிய இடத்தில் அப்பளம் என்றே எழுதினேன். அவர் தமிழரசியைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வெளியே வரும்போது அவள் உள்ளே போனாள். கதவு சாத்தும் முன் அவர் குரல் கேட்டது: "உக்காரும்மா."

இப்போதெல்லாம் என் நோட்டில் எந்தச் சோதனைக்கும் முதல் வரியாக, பாத்திரம் எங்கே இருந்தது என்று எழுதுகிறேன். எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதற்கப்புறம். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று யோசித்தால், நீ போன மறு வாரத்திலிருந்து. பக்கத்தை ஒளித்து வைத்துக்கொண்டே பழக்கத்தை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வகத்துக்கு வந்தேன். யாரும் இல்லை. தட்டை எடுத்துத் தொட்டியில் வைத்து, அசிட்டோன் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவினேன். துணியால் மேல்பக்கத்தை மட்டும் துடைத்தேன். விளிம்புப் பொட்டு கதவைப் பார்க்கும்படி உள்ளே வைத்துச் சாத்தினேன்.